ஆடியில் குறையும் கழுத்துவலி: ஒரு பத்திர எழுத்தரின் முன்தள்ளிய தலை

கழுத்துவலி என்று வருகிறவர்களிடம் "எப்போது வலிக்கிறது?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். "எப்பவும்தான்" என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் "எப்போது வலி இல்லை?" என்று கேட்பேன். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆடி மாசம் இருக்காது மேடம். மார்கழியும் பரவாயில்ல."

வயது 48. கடலூரில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சின்னக் கடை வைத்துப் பத்திரம் எழுதுகிறார். ஆடியிலும் மார்கழியிலும் நிலம் வாங்கிப் பதிவு செய்கிறவர்கள் குறைவு. தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் என்றால் காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆள் நிற்கும். ஆக, நோய்க்காரணத்தில் பாதியை அவரே முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நான் அதைத் தாளில் குறித்துக்கொண்டேன். அப்புறம் மூன்று வாரம் அந்த வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நிகழ்வை எழுத அதுவும் ஒரு காரணம். அவருடைய அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வந்தபோது

ஜூன் முதல் வாரம். பதினான்கு மாதமாக வலி. பிடரியிலும் இரண்டு தோள்பட்டையின் மேலும் பாரம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் பிடரியில் கிளம்பி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்காரும் தலைவலி, வாரத்துக்கு நான்கு நாள். "கழுத்துல கல்லைக் கட்டினாப்ல இருக்கு" என்றார். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட, அவர் கரையேறிய ஊர் என்று சொல்லப்படும் திருப்பாதிரிப்புலியூரில்தான் என் பிசியோதெரபி கிளினிக். இதைச் சொன்னதும் அவரும் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது தலையைப் பின்னுக்குச் சாய்க்க முடியாமல் உடம்போடு சேர்த்துச் சாய்ந்தார்.

அதற்கு முன் செய்துகொண்ட வைத்தியங்கள் வழக்கமானவைதான். வலி மாத்திரை. தைலம். சுளுக்கு எடுக்கிறவரிடம் இரண்டு தடவை. ஓரிடத்தில் பத்து நாள் கரண்ட் வைத்து, கழுத்தை இழுக்கும் டிராக்ஷனும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நாளும் நன்றாக இருந்திருக்கிறது. இரண்டு மாதம் கழுத்துப் பட்டை போட்டிருந்தார். கடைசியாக, செல்போனில் ஒரு வீடியோ பார்த்துத் தாடையை விரலால் பின்னுக்குத் தள்ளும் பயிற்சியை ஒரு நாளைக்கு நூறு தடவை செய்திருக்கிறார். அதில் தலைவலி கூடியதுதான் மிச்சம்.

எக்ஸ்ரே ஒன்று கையில் இருந்தது. கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நேராகிவிட்டது, ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவே லேசான தேய்மானம் என்று அறிக்கை. 'தேய்மானம்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் கனம் அந்த எலும்புக்குக்கூட இருக்காது. "இனிமே இது சரியாகாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1200க்கும் மேற்பட்டவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015ல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கித்தான் இருந்தது. இதை அவருக்குச் சொல்லிவிட்டு, "உங்க வயசுல என் கழுத்தை எடுத்தாலும் இப்படித்தான் வரும்" என்றேன். அதை அவர் அன்றைக்கு நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

பரிசோதனை

முதலில் பயப்பட வேண்டியது எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கை மரத்துப்போவதில்லை, பிடியில் பலக்குறைவு இல்லை, பொத்தான் போடுவதில் தடுமாற்றம் இல்லை, நடை சரி, சிறுநீரில் பிரச்சினை இல்லை, காய்ச்சலோ எடை குறைவோ இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ இல்லை. கை கால் அனிச்சைகள் இயல்பு. தலையைச் சாய்த்து மேலிருந்து அழுத்தும் ஸ்பர்லிங் சோதனையில் கைக்கு வலி இறங்கவில்லை. நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் மடங்குகிறதா என்று பார்க்கும் ஹாஃப்மன் சோதனையும் இயல்பு. இதில் ஏதாவது ஒன்று தப்பாக இருந்திருந்தால் பயிற்சி என்ற பேச்சே இல்லை, நேராக நரம்பு மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். தலை எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்பதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஏழாவது கழுத்தெலும்பில் ஒரு பொட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்துத் திட்டில் ஒரு பொட்டு. இரண்டையும் இணைக்கும் கோடு, கிடைமட்டக் கோட்டோடு சேரும் கோணம்தான் கணக்கு. கோணம் சிறியதாக ஆக, தலை முன்னால் வந்திருக்கிறது என்று பொருள். 48 முதல் 50 டிகிரிக்குக் கீழே போனால் 'முன்தள்ளிய தலை' என்று பெரும்பாலான ஆய்வுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். இவருக்கு 43.

தலை முன்னால் போகும்போது கழுத்து முழுவதும் ஒரே மாதிரி வளைவதில்லை. கீழ்க்கழுத்து குனிகிறது, பார்வை தரையைப் பார்க்காமல் நேரே இருக்க வேண்டும் என்பதற்காக மேல்கழுத்து அண்ணாந்துகொள்கிறது. ஆமை ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல. மண்டைக்கு அடியில் இருக்கும் குட்டித் தசைகள் சுருங்கியே கிடக்கும்; கழுத்தின் முன்பக்கத்தில் எலும்பை ஒட்டி ஓடும் ஆழ்தசைகள் வேலை இல்லாமல் சோம்பிப்போகும். மேல்முதுகு கூன, நெஞ்சுத் தசை இறுக, தோள்பட்டையைக் கீழே பிடித்து நிறுத்தும் தசைகள் தளரும். செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா இந்த இறுக்கம்-தளர்ச்சி இணையைத்தான் 'அப்பர் கிராஸ்டு சின்ட்ரோம்' என்று பெயரிட்டு விளக்கினார். படமாகப் போட்டால் பெருக்கல் குறி மாதிரி வரும்.

அந்த ஆழ்தசைகளைச் சோதிக்க, மல்லாந்து படுக்கவைத்துப் பிடரிக்குக் கீழே ஒரு காற்றுப் பையை வைத்து 20 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு ஊதிக்கொள்வோம். 'ஆமாம்' என்று மெல்லத் தலையசைத்து 22, 24 என்று 30 வரை ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குவென் ஜல் குழுவினர் உருவாக்கிய சோதனை. இவர் 22ஐத் தாண்டவில்லை. 24க்குப் போகச் சொன்னதும் கழுத்தின் இரண்டு பக்கமும் கயிறு மாதிரித் தசை புடைத்துக்கொண்டு வந்தது. அதாவது ஆழ்தசை செய்ய வேண்டிய வேலையை மேல்தசை எடுத்துக்கொள்கிறது. தலையைத் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கி நிறுத்தச் சொன்னபோது 11 நொடியில் நடுங்க ஆரம்பித்தது.

தலைவலிக்கு இன்னொரு சோதனை. கழுத்தை முழுக்க மடக்கிப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திருப்பினால், அசைவு கிட்டத்தட்ட முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும்தான் நடக்கும். 40 டிகிரிக்குக் குறையாமல் திரும்ப வேண்டும். இடப்பக்கம் 41, வலப்பக்கம் 28. ஏன் இடது பக்கம் மட்டும் இவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்ற கேள்வி அப்போதே எனக்கு வந்திருக்க வேண்டும்.

மாலை நேர வலி பத்துக்கு 7. அன்றாட வேலைகளைக் கழுத்து எவ்வளவு முடக்குகிறது என்று பத்துக் கேள்விகளில் அளக்கும் கழுத்து முடக்கக் குறியீட்டில் 50க்கு 19, நடுத்தர முடக்கம்.

முதல் மூன்று வாரம்

புத்தகத்தில் இருப்பது போலவே ஆரம்பித்தேன். மண்டைக்கு அடியில் இருக்கும் தசைகளைக் கையால் தளர்த்துவது, மேல்கழுத்து மூட்டுகளை மெல்ல அசைப்பது, மேல்முதுகுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்துப் பின்னால் சாய்வது, நிலைக்கதவில் கையை ஊன்றி நெஞ்சை விரிப்பது. வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். நான்காவது நாள், "கரண்ட் வைக்க மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். எல்லாரும் கேட்பதுதான். அன்றைக்கு இதமாக இருக்கும், தலை நிற்கும் இடத்தை அது மாற்றாது என்று சொல்லி ஒத்தடத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வீடியோ பார்த்துச் செய்த பயிற்சியை நிறுத்தச் சொன்னேன். தாடையை உள்ளிழுப்பது கெட்ட பயிற்சி என்பதால் இல்லை. நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி காலத்திலிருந்து அது நம் கையில் இருக்கும் நல்ல கருவி. இவர் செய்த விதம்தான் கோளாறு. முகத்தை அண்ணாந்தபடியே தாடையை விரலால் அழுத்தி, பல்லைக் கடித்து, நூறு தடவை. சுருங்கிக் கிடக்கும் பிடரித் தசைகளை இன்னும் சுருக்கி வைத்துக்கொண்டு பின்னால் தள்ளினால் தலைவலி வராமல் என்ன செய்யும்? அதற்குப் பதிலாகப் படுத்துக்கொண்டு, பிடரி நீளுமாறு, மூக்கால் ஒரு சின்னப் புன்னகை வரைவது போல 'ஆமாம்' அசைவு. இரண்டு விரலைக் கழுத்தின் பக்கத்துத் தசைமேல் வைத்து, அது மெத்தென்று இருக்கும் அளவுக்கு மட்டும். பத்து நொடி, பத்துத் தடவை, காலை மாலை. "இவ்ளோதானா?" என்றார். இவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் இந்தப் பயிற்சியில் எதுவும் நடப்பது போலவே தெரியாது, அதனால்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். இவர் விடவில்லை, பத்திரத்தில் ஒரு எழுத்து பிசகினாலும் திரும்ப அடிக்கிற ஆள்.

மூன்றாவது வாரம் அளந்தேன். வலி 7லிருந்து 6. குறியீடு 19லிருந்து 17. கோணம் 44. இந்த ஒரு டிகிரியை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதே ஆளை அரை மணி கழித்துப் படம் எடுத்தாலே அந்த அளவு மாறும். காற்றுப் பையில் மட்டும் 26 வரை வந்திருந்தார். தசை கற்றுக்கொள்கிறது, வலி குறையவில்லை.

"இங்க வரும்போது நல்லாத்தான் இருக்கு. கடையில போய் உக்காந்து ரெண்டு பத்திரம் அடிச்சா மறுபடி அங்கயே வந்து நிக்குது" என்றார். அந்த நேரத்தில்தான் முதல் நாள் எழுதிய ஆடி, மார்கழி வரியைத் திரும்பப் படித்தேன். அடுத்த நாள் மதியம் கடைக்கே போனேன்.

கடை

எட்டுக்குப் பத்து அடி. ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாமி படம், நாள்காட்டி. மேசைமேல் சிபியூவைப் படுக்கவைத்து, அதன்மேல் மானிட்டர். ஏன் இப்படி என்று கேட்டேன். 2015 நவம்பர் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து தரையில் இருந்த சிபியூ போய்விட்டதாம். அதிலிருந்து எந்த மின்சாதனமும் தரையில் வைப்பதில்லை. மேசையில் இடம் இல்லாததால் மானிட்டர் மாடி ஏறிவிட்டது. கடலூர்க்காரர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை.

நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் மானிட்டர் கண்மட்டத்துக்கு மேலே இருந்தது. தூரம் முக்கால் மீட்டர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அடுத்த நொடி தாடை மேலே போனது, தலை முன்னால் போனது, கிளினிக்கில் நான் எடுத்த படத்தைவிட மோசமாக.

பைஃபோக்கல் கண்ணாடி. மேல்பாதி தூரப்பார்வைக்கு, கீழே பிறை மாதிரி ஒரு துண்டு படிப்பதற்கு. அந்தத் துண்டு கையில் பிடித்துப் படிக்கும் தூரத்துக்கு, ஏறக்குறைய 40 செ.மீ.க்கு, அளந்து கொடுப்பது. திரையோ முக்கால் மீட்டரில், கண்ணுக்கு மேலே. மேல்பாதி வழியாகப் பார்த்தால் எழுத்து மங்கல். கீழ்த்துண்டு வழியாகப் பார்க்க வேண்டும் என்றால் அண்ணாந்தே ஆக வேண்டும். தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் கிட்டே போயே ஆக வேண்டும். கண்ணுக்கு எது வேண்டுமோ அந்த இடத்தில் தலையைக் கொண்டுபோய் வைப்பதுதான் கழுத்தின் வேலை. கழுத்து தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. கண்ணாடியும் மானிட்டரும் தப்பான இடத்தில் இருந்தன.

இன்னொன்று. மூலப்பத்திரம் மேசையின் இடது பக்கம் தட்டையாகக் கிடக்கிறது. சர்வே எண், எல்லைகள், விஸ்தீரணம் எல்லாவற்றையும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், நான்கு எல்லையில் ஒன்று மாறினாலும் வம்பு. இடது பக்கம் குனிந்து திரும்பு, நிமிர்ந்து அண்ணாந்து திரையைப் பார். ஒரு பத்திரத்துக்கு நூறு தடவைக்குக் குறையாது. கிரயம் கேட்க வருகிறவர் வலது பக்கம் நின்றால்கூடத் தலையைத் திருப்பாமல் நாற்காலியோடு திரும்பினார். கழுத்து இடப்பக்கம் 41, வலப்பக்கம் 28 டிகிரி திரும்பியதற்குக் கணக்கு அங்கே கிடைத்தது. 2018ல் பதிவு ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து திரை முன்னால் உட்காரும் நேரமும் கூடிவிட்டது என்றார்.

முதல் நாளே "கடையில் உட்கார்ந்திருப்பதை யாரையாவது படம் எடுக்கச் சொல்லிக் கொண்டுவாங்க" என்று நான் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

மாற்றியவை

சிபியூ இறங்கி, மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் போனது, அதற்குக் கீழே இரண்டு செங்கல். "தண்ணி வந்தா?" என்றார். "இந்த உயரத்துக்குத் தண்ணி வந்தா கடையையே மூடிட்டுப் போயிருப்பீங்க" என்றேன். மானிட்டர் நேரடியாக மேசைமேல்; அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே. வழக்கமாகக் கண்மட்டத்தில் வைக்கச் சொல்வோம், பைஃபோக்கல் போடுகிறவர்களுக்கு அது இன்னும் கீழே இருக்க வேண்டும். தூரத்தை 65 செ.மீ.க்குக் குறைத்தோம். அந்தத் தூரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் கண் பரிசோதனைக்கு அனுப்பினேன், திரைக்கு மட்டும் ஒற்றைப் பவரில் தனிக் கண்ணாடி வந்தது. இந்தச் சீட்டுதான் முக்கியம். தூரத்தைச் சொல்லாமல் போனால் மறுபடி படிக்கிற கண்ணாடிதான் கிடைக்கும்.

மூலப்பத்திரத்தை நிறுத்திவைக்கத் தாங்கி வாங்கலாம் என்றேன். அவர் மகனுடைய பழைய பரீட்சை அட்டையைக் கொண்டுவந்து, மானிட்டருக்குப் பக்கத்தில் செங்குத்தாகச் சாய்த்து, கிளிப்பில் பத்திரத்தை மாட்டிவிட்டார். செலவு இல்லை. ஒரு வாரம் இடப்பக்கம், ஒரு வாரம் வலப்பக்கம். பிரிண்டரைக் கையெட்டாத மூலைக்குத் தள்ளினோம், ஒவ்வொரு நகலுக்கும் எழுந்து போக வேண்டும். இந்த யோசனை அவருடையதுதான்.

இரவில் இரண்டு தலையணை ஒன்றானது.

ஜூலை முதல் வாரத்திலிருந்து பயிற்சியிலும் எடை கூட்டினோம். முதல் எலும்பின் விறைப்புக்கு, துண்டின் ஓரத்தைக் கழுத்தின் மேல்பகுதியில் போட்டு, அதை முன்னோக்கி இழுத்துக்கொண்டே வலப்பக்கம் திரும்பும் முறை. நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் வழியில் வந்தது, வீட்டிலேயே செய்யலாம், காலையில் இரண்டு தடவை போதும். ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னால் இழுப்பது, சுவரில் முதுகை ஒட்டிக் கையை ஏற்றி இறக்குவது, படுத்துத் தலையை இரண்டு விரல் தூக்கி நிறுத்துவது. அப்புறம் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குவது. இந்தக் கடைசிப் பயிற்சியைத் தினமும் 2 நிமிடம் மட்டும் செய்தாலே அலுவலக வேலை செய்கிறவர்களின் கழுத்து, தோள் வலி பத்து வாரத்தில் குறைகிறது என்று டென்மார்க்கில் 198 பேரிடம் நடத்தி 2011ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. 12 நிமிடம் செய்தவர்களுக்கும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரமில்லை என்கிறவர்களிடம் நான் இதை மட்டும் கொடுத்து அனுப்புவதும் உண்டு. கையால் செய்யும் சிகிச்சையை முழுக்க விடவில்லை. கழுத்திலிருந்து வரும் தலைவலிக்காரர்கள் 200 பேரிடம் ஜல் குழுவினர் செய்து 2002ல் வெளியிட்ட ஆய்வில், கைச்சிகிச்சையும் பயிற்சியும் தனித்தனியாகவும் சேர்த்தும் பலன் கொடுத்தன, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது.

எண்கள்

ஆறாவது வாரம், ஜூலை நடுவில்: வலி 4, குறியீடு 12. நிஜமான மாற்றம் என்று சொல்ல இந்தக் குறியீடு ஐந்து புள்ளியாவது நகர வேண்டும், அதைத் தாண்டிவிட்டது. பத்தாவது வாரம்: வலி 2, குறியீடு 7, தலைவலி அந்த வாரம் வரவே இல்லை. எனக்குச் சந்தோஷம். அவர்தான் சொன்னார், "மேடம், இது ஆடி."

சரிதான். ஆடி பிறந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. கடையில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ பத்திரம். என் வைத்தியம் இல்லாமலேயே போன வருடமும் இதே வாரம் அவருக்கு வலி இருந்திருக்காது. அந்த வாரமே முடித்து அனுப்பி, வெற்றி என்று எழுதியிருந்தால் இது பொய்க்கணக்காகியிருக்கும். ஆவணி முடியும்வரை பார்க்கலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். கிளினிக்குக்கு வருவதைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று குறைத்து, தினமும் இரவு வலி எண்ணையும் அன்றைக்கு அடித்த பத்திர எண்ணிக்கையையும் நாள்காட்டித் தாளில் எழுதச் சொன்னேன்.

ஆவணியின் முதல் பெரிய முகூர்த்த நாள். ஒன்பது பத்திரம். வலி 5. நான் கொஞ்சம் சோர்ந்துதான் போனேன். ஆனால் அடுத்த நாள் காலை எண் 2. முன்னெல்லாம் இப்படிப்பட்ட ஒரு நாளுக்கு அப்புறம் மூன்று நாள் தலை தூக்க முடியாது, மாத்திரை இல்லாமல் கடை திறக்க மாட்டார். இந்தத் தடவை மாத்திரை போடவில்லை. அந்த மாதம் முழுக்க இதே மாதிரிதான் ஓடியது: வேலை நாளில் ஏறும், இரவில் இறங்கும். பதினான்காவது வாரம் சராசரி மாலை வலி 3, குறியீடு 8, தலைவலி பதினைந்து நாளில் ஒன்று. தலையைத் தூக்கி நிறுத்தியது 31 நொடி. காற்றுப் பையில் 28. வலப்பக்கத் திருப்பம் 39 டிகிரி.

கோணம்? 47. நான்கு டிகிரிதான் நகர்ந்திருக்கிறது, அதிலும் ஒரு பங்கு அளவீட்டுப் பிழை. ஆய்வுகள் போட்ட கோட்டின்படி இவருக்கு இன்னமும் முன்தள்ளிய தலைதான். அவர் வீட்டம்மா ஒரு நாள் கூட வந்திருந்தார், "இன்னும் கூன் போட்டுத்தான் உக்கார்றாரு, நீங்க கண்டிக்க மாட்டேங்கறீங்க" என்று என்மேல் குறை சொன்னார்.

எது வேலை செய்தது

ஒரே ஆள், ஒரே சமயத்தில் ஐந்தாறு மாற்றம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் கணிப்பை மட்டும் சொல்கிறேன். வலியை உண்டாக்கிக்கொண்டிருந்தது கண்ணாடியும் மானிட்டரும் மூலப்பத்திரமும். அதை எடுக்காமல் செய்த மூன்று வாரப் பயிற்சி ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர். ஆனால் ஒன்பது பத்திர நாளில் வந்த வலி ஒரே இரவில் இறங்கியதற்குக் கழுத்து பலமானதுதான் காரணம், அதைக் கண்ணாடி செய்திருக்காது. வலப்பக்கத் திருப்பம் திரும்பியது துண்டுப் பயிற்சியால் என்று நினைக்கிறேன், அந்தச் சமயத்தில்தான் பின்மண்டைத் தலைவலியும் குறைந்தது.

கோணத்தை நாம் கொஞ்சம் அதிகமாகவே கும்பிடுகிறோம். செல்போன் குனிவில் கழுத்துமேல் 27 கிலோ ஏறுகிறது என்ற படம் எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அது நியூயார்க்கில் ஒரு அறுவை மருத்துவர் 2014ல் கணினி மாதிரியில் போட்ட கணக்கு, தலையை 60 டிகிரி குனிந்தால் என்று. ஆளை அளந்து எடுத்தது அல்ல, அதில் வலியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்த்ததில், எந்த மாதிரி உட்கார்ந்தாலும் கழுத்துவலியில் வித்தியாசம் தெரியவில்லை. 2019ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வளர்ந்தவர்களில் கழுத்துவலிக்கும் முன்தள்ளிய தலைக்கும் தொடர்பு இருக்கிறது, பதின்ம வயதினரில் இல்லை என்கிறது. தொடர்பு என்றால் காரணம் என்று ஆகிவிடாது, வலிப்பதாலும் தலை முன்னால் வரலாம். இதைச் சொல்லித்தான், கல்லூரிக்குப் போகும் தன் மகளுடைய படத்தைக் காட்டி "இவளுக்கும் கழுத்து முன்னாடி இருக்கு, பயிற்சி கொடுங்க" என்று அவர் கேட்டபோது மறுத்தேன். வலி இல்லை, தலைவலி இல்லை, பந்து விளையாடுகிற பெண். வைத்தியம் எதற்கு? விளையாடட்டும்.

கழுத்துப் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடிபட்ட முதல் சில நாளுக்கு அது சரி. இரண்டு மாதம் போட்டால், ஏற்கெனவே சோம்பிக் கிடக்கும் ஆழ்தசைக்கு விடுமுறை கொடுத்தது போல. இவருடைய 11 நொடியில் அந்தப் பட்டைக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம்.

செப்டம்பர் கடைசியில் சிகிச்சையை முடித்தோம். 2 நிமிடப் பட்டைப் பயிற்சியும் 'ஆமாம்' அசைவும் மட்டும் தொடரட்டும் என்று சொன்னேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு இரவு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. கடை வாசற்படி வரை தண்ணீர். உள்ளே மேசைமேல் சிபியூ, சிபியூமேல் மானிட்டர். கீழே ஒரு குரல்பதிவு: "ரெண்டு நாளா மறுபடி தலைவலி மேடம். காரணம் தெரியும், நீங்க வர வேண்டாம். தண்ணி வடிஞ்சதும் இறக்கிடுறேன். முக்காலிக்கு இன்னும் ரெண்டு செங்கல் சொல்லியிருக்கேன்."